ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

உயரமான சன்னல்களைத் துடைக்க ஏணியில் ஏறிய காலம் மெல்ல மாறி வருகிறது. இன்று துப்புரவு ஊழியர் தரையில் நின்றபடியே நீண்ட கோல் ஒன்றை உயர்த்துகிறார். கோலின் நுனியில் உள்ள தூரிகை வழியாக நீர் பாய்கிறது. மூன்றாம் மாடிச் சன்னலும் சில நிமிடங்களில் பளிச்சிடுகிறது. பள்ளிகள், கடைவீடுகள், தாழ்வான அலுவலகக் கட்டடங்கள் ஆகியவற்றுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஆனால், இக்கோல் வழியாக எவ்வளவு நீர் செலவாகிறது என்று நாம் கேட்பதுண்டா? கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் இம்முறையின் நன்மைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். சன்னலைத் துடைக்கும்போது தவறி விழுந்து உயிரிழந்தோர் உண்டு. அதனால்தான், கம்பிக் கதவு பூட்டப்பட்டு, பெரியவர் ஒருவர் மேற்பார்வையிட்டால் மட்டுமே பணிப்பெண்கள் சன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கலாம் என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சு 2012ஆம் ஆண்டு விதித்தது. தரையில் நின்று வேலை செய்பவருக்கு விழும் அபாயம் இல்லை. மேலும், இம்முறைக்குச் சவர்க்காரமும் தேவையில்லை.

சவர்க்காரம் இன்றிக் கண்ணாடி எப்படிச் சுத்தமாகிறது? குழாய்நீரில் உப்புகள் கரைந்துள்ளன. நீர் காய்ந்ததும் அவை கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். ஆகவே, நீரை முதலில் நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி உப்புகளை நீக்குகிறார்கள். அந்தத் தூயநீர் காய்ந்தால் கறை எதுவும் இருக்காது. துணியால் துடைக்கவும் வேண்டாம்.

சிக்கல் இங்கேதான் உள்ளது. சவ்வு நீரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பகுதி தூயநீர். மறுபகுதி உப்புகள் மிகுந்த கழிவுநீர். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் கழிவுநீர் தூயநீரின் அளவுக்கே வெளியேறும்; சிலவற்றில் அதைவிட அதிகமாகும். கோலில் நிமிடத்திற்கு 2 லிட்டர் பாய்வதாக வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் 480 லிட்டர் செலவாகும். அதே அளவு கழிவுநீரையும் சேர்த்தால் 960 லிட்டர். 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரர் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 141 லிட்டர் பயன்படுத்தினார். அப்படியென்றால், ஏறத்தாழ ஏழு பேரின் ஒருநாள் நீர் சன்னல்களுக்கே போய்விடுகிறது!

“கட்டணம் செலுத்தித்தானே பயன்படுத்துகிறோம்? நம்மிடம் புதுநீரும் சுத்திகரித்த கடல்நீரும் இருக்கின்றனவே?” என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால், அவற்றை உருவாக்க மின்சாரம் தேவை. ஜொகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தமும் 2061இல் முடிவடைகிறது. 2016இல் வறட்சியால் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் அதன் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்குக் குறைந்ததை நாம் மறக்கலாகாது. நாட்டின் மொத்த நீரில் பாதிக்கும் மேல் வீடுகளுக்கு வெளியேதான் செலவாகிறது. வீட்டில் குளிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லும் நாம், கட்டடங்களில் ஓடும் நீரைக் கண்டுகொள்ளாமல் இருப்பது முறையா?

நீண்ட கோலைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. ஊழியரின் உயிர் நீரைவிட மேலானது. ஆனால், பாதுகாப்பையும் சிக்கனத்தையும் ஒருங்கே பேண வழிகள் உண்டு. ஒரு சன்னலிலிருந்து அடுத்த சன்னலுக்கு நகரும்போது நீரை அடைக்கும் திருகு கோலில் இருக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் மணிக்கு 15 நிமிடம் அடைத்தாலே, கழிவுநீரோடு சேர்த்து நாளொன்றுக்கு 240 லிட்டர் மிச்சமாகும். அடுத்து, கழிவுநீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் சேமித்துத் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். மழைநீரில் கரைந்த உப்புகள் குறைவு என்பதால் அதையும் சேகரித்து இயந்திரத்திற்குத் தரலாம். கொசு பெருகாதபடி தொட்டியை மூடிவைப்பது அவசியம். கைக்கு எட்டும் கீழ்த்தளச் சன்னல்களுக்கோ ஒரு வாளி நீரும் ரப்பர் துடைப்பானும் போதும்.

இவற்றை ஊழியர் மட்டும் முடிவு செய்ய இயலாது. அவரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனங்களும் கட்டட உரிமையாளர்களுமே முடிவெடுக்க வேண்டும். விலையை மட்டும் கேட்டு ஒப்பந்தம் செய்யாமல், எத்தனை லிட்டர் செலவாகும் என்றும் அவர்கள் கேட்கட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். பெரிய ஆறில்லாத இச்சிறு தீவில் வாழும் நாம், அளக்காமல் ஊற்றலாமா?