சான்றளிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

பெருந்தொழிற்சாலைகளின் வரவேற்பறைச் சுவர்களில் ‘ஐஎஸ்ஓ 14001’ என்று பொறித்த சான்றிதழ் சட்டமிட்டுத் தொங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் விளம்பரங்களும் அதனைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பின் அத்தாட்சியாக முன்வைக்கின்றன. அச்சான்றிதழ் எதற்குச் சான்று கூறுகிறது, எதற்குக் கூறவில்லை என்பதைத் தொழிற்சங்க ஊழியர்களும் ஆலைகளைச் சுற்றி வாழும் மக்களிடையே பணியாற்றும் தோழர்களும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் கண்காணிப்பைப் படிப்படியாகத் தனியார் தணிக்கையாளர்களிடம் ஒப்படைத்துவரும் இன்றைய சூழலில் இந்தத் தெளிவு முன்னெப்போதையும்விட அவசியமாகிறது.

சான்றிதழ் சொல்லாதது

ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான இத்தரநிலையை 1996இல் வெளியிட்டது. 2004இலும் 2015இலும் அது திருத்தப்பட்டது. புகைப்போக்கி வழியாக எவ்வளவு கந்தக டை ஆக்சைடு வெளியேறலாம், கழிவுநீரில் எவ்வளவு குரோமியம் இருக்கலாம் என்பதற்கான வரம்பு எதையும் அதில் காண முடியாது. நிறுவனம் தனக்கென ஒரு சுற்றுச்சூழல் கொள்கையை எழுதவேண்டும். தனது செயல்பாடுகளால் விளையும் பாதிப்புகளைப் பட்டியலிட வேண்டும். இலக்குகளைத் தானே வகுக்க வேண்டும். பொறுப்பாளர்களை நியமித்து, உள்தணிக்கை நடத்தி, குறைகளைச் சரிசெய்ய வேண்டும். இந்த நடைமுறை இருக்கிறதா என்பதைத்தான் வெளித் தணிக்கையாளர் பார்க்கிறார். ஒரே பொருளை உற்பத்தி செய்யும் இரண்டு ஆலைகளில் ஒன்று மற்றதைவிடப் பன்மடங்கு மாசை வெளியிட்டாலும், இரண்டுமே சான்று பெற முடியும்.

மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோருக்கு இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. தரநிலையோடு பொருந்தியிருப்பதை ஆங்கிலத்தில் ‘கன்ஃபார்மிட்டி’ என்கிறார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதை ‘கம்ப்ளையன்ஸ்’ என்கிறார்கள். தமிழில் இரண்டையும் ‘இணக்கம்’ என்றே எழுதிவருகிறோம். இந்தக் குழப்பம் நிறுவனங்களுக்கு வசதியானது. ஆவணங்கள் தரநிலையோடு பொருந்தியிருப்பதற்குக் கிடைத்த சான்றை, சட்டத்தை மதித்து நடப்பதற்கான சான்றாக மக்கள் வாசித்துக்கொள்கிறார்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் தன்னை ஐஎஸ்ஓ 14001 சான்று பெற்ற ஆலையாகவே அறிமுகப்படுத்திக்கொண்டது. அந்த ஆலை சுற்றுச்சூழலை மாசுபடுத்தியது என்றும், புதுப்பிக்கப்பட்ட இசைவாணை இல்லாமலே நீண்டகாலம் இயங்கியது என்றும் கூறி, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

சர்வதேச அமைப்பு தானே எவருக்கும் சான்று வழங்குவதில்லை. அதற்கெனத் தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. தன்னைத் தணிக்கை செய்யும் நிறுவனத்தை ஆலை நிர்வாகமே தேர்ந்தெடுக்கிறது. கட்டணமும் அதுவே செலுத்துகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கும்போது, பிடிக்காத தணிக்கையாளரை மாற்றிக்கொள்ளவும் அதனால் முடியும். இதன் விளைவு என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே வலுவான ஆதாரம் இருக்கிறது.

குஜராத் கற்பித்த பாடம்

குஜராத்தில் 1996ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஆணையை அடுத்து, மாசு மிகுந்த ஆலைகள் ஆண்டுதோறும் வெளித் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அங்கும் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கொடுத்தவர் ஆலை முதலாளியே. எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் இணைந்து, அகமதாபாத், சூரத் பகுதிகளைச் சேர்ந்த 473 ஆலைகளில் ஒரு கள ஆய்வை நடத்தி, அதன் முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். புகைத்துகள் வரம்பை 7 சதவீத ஆலைகளே மீறுவதாக வழக்கமான தணிக்கை அறிக்கைகள் கூறின. நேரில் அளந்தபோது 59 சதவீத ஆலைகள் மீறியிருந்தன. தணிக்கையாளர்கள் பதிவு செய்த அளவுகள் வரம்புக்குச் சற்றுக் கீழே குவிந்துகிடந்தன.

ஆலைகளில் ஒரு பகுதிக்கு வேறு முறை பின்பற்றப்பட்டது. தணிக்கையாளர்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார்கள். பொது நிதியிலிருந்து அவர்களுக்கு நிலையான கட்டணம் வழங்கப்பட்டது. அவர்கள் எடுத்த அளவுகளில் சில, முன்னறிவிப்பின்றி மீண்டும் அளக்கப்பட்டன. பொய்யாக ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதுவது இதனால் 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. தணிக்கையாளரின் சட்டப்பூர்வக் கடமை இரு முறைகளிலும் ஒன்றே. அவரது வருமானம் முதலாளியின் விருப்பத்தைச் சார்ந்திராத நிலை ஏற்பட்டதும் அவர் எழுதிய எண்களும் மாறின. மார்க்சியத்தோடு தொடர்பில்லாத அறிஞர்கள் நடத்திய ஆய்வு இது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பின்வாங்கும் அரசு

1984 போபால் படுகொலைக்குப் பிறகுதான் 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகள், ஆபத்தான உற்பத்தி முறைகள் குறித்துத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தகவல் தரும் கடமையை நிர்வாகத்தின்மீது சுமத்தின; உடனடி ஆபத்தைக் குறித்து எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அளித்தன. ஆயிரக்கணக்கானோரின் உயிரிழப்புக்குப் பின் கிடைத்த இந்தப் பாதுகாப்புகள் இன்று ஒவ்வொன்றாக அரிக்கப்படுகின்றன.

2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் காற்று மாசுச் சட்டத்திலும் சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தைக் கொண்டுவந்தது. 2024இல் நீர் மாசுச் சட்டத்துக்கும் அதே கதி நேர்ந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிற்சாலை ஆய்வாளரை நிர்வாகத்துக்கு ‘வசதி செய்து தருபவராகவும்’ மாற்றியுள்ளன. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஏறத்தாழ பாதிப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அவற்றை நிரப்ப வழி தேடாத ஒன்றிய அரசு, 2025 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை அறிவித்துப் பதிவுபெற்ற தனியார் தணிக்கையாளர்களைக் களத்தில் இறக்குகிறது. தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதை இவ்விதிகள் ஏற்றுள்ளன, அதை வரவேற்கலாம். ஆனால் குஜராத்தில் பலன் தந்தது குலுக்கல் மட்டுமன்று. பொது நிதிக் கட்டணமும் மறு அளவீடும் அதனுடன் சேர்ந்திருந்தன. மறு அளவீட்டைச் செய்ய வேண்டிய வாரியத்தில் ஆளே இல்லையென்றால் அளவுகளைச் சரிபார்ப்பது யார்?

காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் அரசு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விசாகப்பட்டினம் காட்டிவிட்டது. அங்கு எல்ஜி பாலிமர்ஸ் நிறுவனம் தன்னிடம் செல்லத்தக்க சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்பதை 2019 மே மாதத்திலேயே உறுதிமொழிப் பத்திரத்தில் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருந்தது. ஆலை தொடர்ந்து இயங்கியது. 2020 மே 7 அதிகாலையில் ஸ்டைரின் வாயு கசிந்து 12 பேர் மாண்டார்கள். உறங்கிக்கொண்டிருந்த மக்களை எழுப்பி எச்சரிக்க அபாயச் சங்குகூட ஒலிக்கவில்லை.

நமது கோரிக்கைகள்

மேலாண்மைத் தரநிலைகளை முற்றாக ஒதுக்கித்தள்ள வேண்டியதில்லை. பாதிப்புகளின் பட்டியல், உள்தணிக்கை முடிவுகள், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதை மதிப்பிட்ட பதிவுகள் ஆகியவற்றைச் சான்று பெற்ற ஒவ்வொரு ஆலையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். சங்கங்கள் அவற்றைப் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களில் கேட்டுப் பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் தணிக்கைத் திட்டத்தில் சேரும் நிறுவனங்கள் தமது சுற்றுச்சூழல் அறிக்கையைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். ஐஎஸ்ஓ 14001இல் அந்தக் கட்டாயம் இல்லை. இங்கும் அதைச் சட்டப்படி கட்டாயமாக்கக் கோர வேண்டும்.

தணிக்கைக் கட்டணம் ஆலைகளிடம் வசூலிக்கப்பட்டு, அரசின் பொது நிதி வழியாக மட்டுமே வழங்கப்பட வேண்டும். தணிக்கை அறிக்கைகள் அந்தந்த மாநில மொழியில் வெளியிடப்பட வேண்டும். வாரியங்களின் காலியிடங்கள் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பப்பட வேண்டும். தணிக்கையின்போது தொழிலாளர் பிரதிநிதிகளும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் உடனிருக்கும் உரிமை வேண்டும். கொதிகலன் அருகே எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளிக்கும், ஆலையின் பின்புறம் கிணற்றில் நீர் இறைக்கும் பெண்ணுக்கும் தெரிந்த உண்மைகள் எந்தத் தணிக்கையிலும் இடம்பெறுவதில்லை. அவற்றைப் பதிவேட்டில் ஏற்றும் போராட்டத்தைத் தொழிற்சங்கங்களும் விவசாயிகள், மாதர் அமைப்புகளும் ஒன்றிணைந்து முன்னெடுக்க வேண்டும்.