மறைநகலைத் தேடிப் பயனில்லை, பயன்படுத்தப் பழகுவோம்

"ஆசிரியர், எனக்கு வந்த மின்னஞ்சல் வேறு யாருக்கெல்லாம் மறைநகலாகப் போனது என்று பார்க்க முடியுமா?" மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முடியாது என்பதுதான் விடை. அது ஏன் என்று தெரிந்தால் நாமும் ஏமாற மாட்டோம். பிறரையும் ஆபத்தில் தள்ள மாட்டோம்.

தட்டச்சு இயந்திரக் காலத்தில் தாள்களுக்கு நடுவே கார்பன் தாளை வைத்து நகல் எடுத்தார்கள். மின்னஞ்சலில் உள்ள 'சிசி' அந்தக் கார்பன் நகலைக் குறிக்கிறது. 'பிசிசி' என்பது மற்ற பெறுநர்களுக்குத் தெரியாமல் செல்லும் நகல். அதையே மறைநகல் என்கிறோம்.

அஞ்சலில் வரும் கடிதத்தை எண்ணிப் பாருங்கள். உறையின் மேல் ஒரு முகவரி இருக்கும். உள்ளே, கடிதத்தின் தலைப்பிலும் பெறுநர் பெயர் இருக்கும். மின்னஞ்சலிலும் இவை இரண்டும் தனித்தனி. 1982ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள 'எஸ்எம்டிபி' விதிமுறைப்படி, அனுப்பும் சேவையகம் எந்தெந்த முகவரிக்குச் சேர்க்க வேண்டும் என்பதைப் பெறும் சேவையகத்திடம் முதலில் சொல்லும். இதுதான் உறை. அதன் பிறகே கடிதம் செல்லும். மறைநகல் முகவரிகள் வழக்கமாக உறையில் மட்டுமே இருக்கும், கடிதத்தில் இரா. உங்கள் அஞ்சல் பெட்டிக்கு வருவது கடிதம் மட்டுமே. ஆகவே முழுத் தலைப்புப் பகுதியையும் திறந்து வரிவரியாகப் படித்தாலும் அந்தப் பட்டியல் கிடைக்காது. வராத ஒன்றை எந்தச் செயலியாலும் காட்ட முடியாது. காட்டுவதாகச் சொல்லி உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டால், அது தூண்டில் என்று அறிந்து விலகுங்கள்.

அதற்காக மறைநகலை முழு இரகசியம் என்றும் நம்பிவிடக் கூடாது. அனுப்பியவரின் 'அனுப்பியவை' பெட்டியில் அந்த முகவரிகள் இருக்கும். சேவையகப் பதிவேட்டிலும் இருக்கலாம். மறைநகல் பெற்றவர் 'அனைவருக்கும் பதில்' என்பதைத் தட்டினால் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுவார். ஆகவே நண்பரை மாட்டிவிடுவதற்காக அவருக்கு எழுதும் மின்னஞ்சலை மூன்றாமவருக்கு மறைவாக அனுப்புவது முறையல்ல. அது மறைந்தே இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

மறைநகலின் உண்மையான பயன் பிறரின் முகவரியைக் காப்பதுதான். 2021 செப்டம்பரில், தாலிபான் ஆட்சியைக் கைப்பற்றிய சில வாரங்களில், ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறத் தகுதி பெற்ற 245 பேருக்கு பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சு ஒரே மின்னஞ்சலை அனுப்பியது. முகவரிகள் மறைநகல் கட்டத்தில் இடப்படவில்லை. எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்தது. அவர்களில் 55 பேரின் சிறு படங்களும் தெரிந்தன. அந்தப் பட்டியல் தாலிபான் கையில் சிக்கியிருந்தால் உயிர்களே போயிருக்கலாம். 2023 டிசம்பரில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அமைச்சுக்கு 350,000 பவுண்டு அபராதம் விதித்தார்.

நம் பள்ளிக் கழகங்களிலும் நாற்பது பேரின் முகவரிகளை ஒரே வரிசையில் போட்டு அறிவிப்பு அனுப்புகிறோம். இங்கே உயிர் ஆபத்து இல்லைதான். ஆனாலும் ஒருவர் தம் முகவரியை நம்மிடம் தந்தது நமக்காக. மற்ற முப்பத்தொன்பது பேருக்காக அன்று. அடுத்த முறை கழகச் செயலாளராக நீங்கள் அறிவிப்பு அனுப்பும்போது, உங்கள் முகவரியைப் பெறுநர் கட்டத்திலும் மற்றவர்களுடையதை மறைநகல் கட்டத்திலும் இடுங்கள். பிறகு ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.