துளை கோணினால் யார் குற்றம்?

பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர், பித்தளை உருளை ஒன்றின் நடுவே 8 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, அதாவது 200 மில்லிமீட்டர் நீளத்துக்கு, துளை கேட்டுப் பட்டறைக்குப் படம் எழுதி அனுப்பினார். துளை வந்தது. நுழைந்த இடத்தில் நட்டநடுவே இருந்தது. வெளிப்பட்ட இடத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. நண்பர் டர்னரைக் குறை சொன்னார். டர்னர் படத்தைக் குறை சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது. என் கட்சி யாதெனில், இருவரும் ஒருநாள் லேத்தின் அருகே சேர்ந்து நின்றிருந்தால் வழக்கே எழுந்திராது என்பதே.

விட்டத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஆழமானால் அதை ஆழத் துளை என்பது பட்டறை வழக்கு. நண்பர் கேட்டதோ இருபத்தைந்து மடங்கு! அவ்வளவு நீண்ட டிரில் நாணற்குச்சி போன்றது. சற்றே இடறினாலும் வளைந்து போகும். இத்தகைய வேலைக்கு லேத் ஏற்றது. ஏனெனில் அதில் பொருள் சுழல, டிரில் சுழலாமல் நிற்கிறது. டிரில் சுழன்று பொருள் நிற்கும் யந்திரத்தைவிட இம்முறையில் துளை விலகிப் போவது குறைவு.

ஆனால் டிரிலை லேத்தின் எந்த உறுப்பில் பிடிப்பது? இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. வழக்கமான இடம் டெயில்ஸ்டாக். (இதற்கு நல்ல தமிழ்ப் பெயர் காண விழையும் அன்பர்கள் காணட்டும், பட்டறையில் வழங்கும் பெயரையே நான் எழுதுகிறேன்.) ஆழமில்லாத துளைக்கு அது போதும். ஆழத் துளையில், ஏறக்குறைய டிரிலின் விட்டத்தளவு முன்னேறும்போதெல்லாம் அதை முழுவதும் வெளியே இழுத்து, சீவலைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி உள்ளே செலுத்த வேண்டும். டெயில்ஸ்டாக்கில் இதற்குக் கைச்சக்கரத்தைப் பல சுற்றுப் பின்னுக்கும், பல சுற்று முன்னுக்கும் சுழற்ற வேண்டும். அதன் உள்தண்டு நீளும் தூரமும் சிறிது. ஆழம் மிகுந்தால் இடையில் டெயில்ஸ்டாக்கையே நகர்த்த வேண்டும். எத்தனை முறை? இருபது, முப்பது முறை. கை ஓயும். கை ஓய்ந்தவர் வெளியே இழுப்பதைக் குறைப்பார். சீவல் அடைத்துக் கொள்ளும். டிரில் சூடேறும், வளையும், சில சமயம் உள்ளேயே ஒடிந்து நிற்கும். ஒடிந்த டிரிலை எடுக்கும் பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை!

டிரிலைக் கேரேஜின்மேல் பிடித்தால் நிலைமையே வேறு. கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கேரேஜ் தாராளமாக ஓடும். இழுப்பதும் செலுத்துவதும் நொடிப் பொழுது வேலை. வேண்டுமானால் யந்திரமே சீராக ஊட்டும். லேத்தின் படுக்கையில் ஒரு தடுப்பை இறுக்கிவிட்டால் ஆழமும் தவறாது.

எதிர்க்கட்சியார் உடனே கேட்பர்: “டெயில்ஸ்டாக் தானாகவே நடுவில் நிற்பது, கேரேஜின் குறுக்குச் சறுக்கோ இங்குமங்கும் நகர்வது. டிரில் அச்சில் நிற்கும் என்பதற்கு என்ன உறுதி?” நியாயமான கேள்விதான். ஆயினும் பழைய லேத்தின் டெயில்ஸ்டாக் தேய்ந்து தாழ்ந்திருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கேரேஜை அச்சுக்குக் கொணரும் வழியோ மிக எளிது. குறுக்குச் சறுக்கின்மேல் ஓர் இரும்புக் கட்டையை இறுக்குங்கள். சக்கில் வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழலவிட்டு, கேரேஜை அதன்மேல் செலுத்தி, அந்தக் கட்டையிலேயே துளையிடுங்கள். அத்துளை சுழலும் அச்சின்மேல்தான் அமையும். வேறெங்கும் அமைய அதற்கு வழியில்லை! குறுக்குச் சறுக்கைப் பூட்டிவிட்டு அத்துளையில் டிரிலைப் பொருத்துங்கள். முதலில் குட்டையான, விறைப்பான டிரிலால் தொடங்கினால், பின்வரும் நீண்ட டிரில் அந்தத் துளையின் சுவரைப் பற்றிக்கொண்டு செல்லும். டிரிலின் இரு வெட்டுவாய்களும் ஒத்திருக்க வேண்டும். பித்தளையானால் வெட்டுவாயைச் சற்றுத் தட்டையாகத் தீட்ட வேண்டும். இல்லாவிடில் டிரில் தானே கவ்வி முன்னே பாயும். கேரேஜில் பிடித்தாலும் இந்த ஆபத்து உண்டு.

“இதெல்லாம் டர்னரின் வேலை, விஞ்ஞானிக்கு எதற்கு?” என்பவர்கள் ரம்ஃபோர்டை நினைத்துப் பார்க்கட்டும். மியூனிக் நகர ஆயுதச் சாலையில் பீரங்கிக்குத் துளையிடும்போது எழுந்த வெப்பம் அவருடைய சிந்தையைக் கவர்ந்தது. அங்கும் பீரங்கி சுழன்றது. துளைக்கும் கருவி சுழலவில்லை. மழுங்கிய கருவியை வேண்டுமென்றே அழுத்தி, சுற்றிலும் நீரை நிரப்பிக் குதிரைகளைக் கொண்டு சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது, நெருப்பே இல்லாமல்! வெப்பம் ஒரு பொருள் என்ற கொள்கையை எதிர்த்து 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் வெளியிட்ட கட்டுரை இதிலிருந்து பிறந்தது. படத்தை அனுப்பிவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தால் அவர் எதைக் கண்டிருப்பார்?

பீரங்கி என்றதும் நம்மவர் சிலர் தஞ்சைக் கோட்டைப் பீரங்கியை இழுத்து வருவர். அது 17-ஆம் நூற்றாண்டினது. இரும்புப் பட்டைகளை அடுக்கி, வளையங்களை மாட்டி, உலையில் காய்ச்சி இணைத்துச் செய்தது. துளைத்துச் செய்ததன்று. அக்கொல்லர்களின் திறமை அதனால் குறைந்துவிடவில்லை.

நிற்க. மாணவர் லேத்தைத் தொடலாகாது என்பது இங்குள்ள விதி. ஆபத்தை எண்ணி இட்டது. முழுவதும் தவறென்று சொல்லமாட்டேன். தொடாவிட்டாலும் பார்க்கலாமே! நம்மவரைத் தடுப்பது விதியைக் காட்டிலும் தயக்கம். பட்டறையில் பேச்செல்லாம் இந்தி. லேத்தைக் ‘கராத்’ என்கிறார்கள். ஆனால் சக்கும் டிரிலும் டெயில்ஸ்டாக்கும் அங்கும் சக்கும் டிரிலும் டெயில்ஸ்டாக்கும்தாம். இரண்டு நாள் நின்றால் மீதிச் சொற்கள் தாமே வரும்.

பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடும் நம் சங்கம், டர்னருக்குத் தக்க ஊதியம் தந்து, சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் மாணவர்களுக்கு லேத் வேலையைக் காட்டும்படி துறைத்தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கையெழுத்திட நான் ஆயத்தம். வருகிறவர்கள் தொளதொளத்த சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாருங்கள். சக்கின் அருகே துப்பட்டாவும் கழுத்துத் துண்டும் ஆகா.