தரையில் விடுங்கள், பக்கத்தில் இருங்கள்

நான்கு மாதக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "கவிழ்ந்துட்டானா?" என்றுதான். இன்னும் இல்லை என்று சொல்வதற்குள் அம்மாவின் முகம் வாடிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றாம் மாதமே கவிழ்ந்த கதை வருகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு பிள்ளை தவழும் வீடியோவும் வந்து விழுகிறது. எல்லாம் சரி, அன்று காலையிலிருந்து அந்தக் குழந்தை எத்தனை நிமிடம் தரையில் இருந்தது?

தூளியில் தூங்கியது. விழித்ததும் மடிக்கு வந்தது. மடி வலித்ததும் சாய்வு நாற்காலிக்குப் போனது. பகல் முழுக்க மல்லாந்தும் சாய்ந்தும் கழிந்துவிட்டது. கழுத்தும் தோளும் முதுகும் உழைத்துப் பழக நாம் இடமே கொடுக்கவில்லை. இடம் கொடுக்காமல் பலனை மட்டும் கேட்பது என்ன நியாயம்?

நம்மில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. குப்புறப் போட்டதும் பிள்ளை சிணுங்குகிறது. "நெஞ்சு அமுங்கப் போகுதுடி" என்று பாட்டி பதறுகிறார். உடனே வாரி எடுத்துவிடுகிறோம். அந்தப் பயத்திலும் பொருள் உண்டு. குப்புறத் தூங்கும் குழந்தைக்குத் திடீர் மரண ஆபத்து அதிகம். அமெரிக்காவில் மல்லாக்கத் தூங்க வைக்கும் பிரசாரம் 1994இல் தொடங்கிய பிறகு இத்தகைய இறப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதனால் தூக்கம் என்றால் எப்போதும் மல்லாந்துதான். ஆனால் தூக்கத்துக்கான விதியை விழித்திருக்கும் நேரத்துக்கும் ஏன் நீட்டுகிறோம்? எந்நேரமும் மல்லாந்தே கிடந்தால் பின்மண்டை தட்டையாகலாம், கழுத்து வலுப்பெறவும் தாமதமாகலாம்.

இன்னும் நகரத் தொடங்காத குழந்தை, விழித்திருக்கும்போது நாளுக்குக் குறைந்தது 30 நிமிடம் குப்புறக் கிடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரே மூச்சில் அல்ல, பல தடவையாக. பிறந்த சில நாட்களிலேயே அம்மா அப்பாவின் நெஞ்சின்மேல் தொடங்கலாம். பிறகு தரையில் விரித்த ஜமக்காளத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம், தினமும் இரண்டு மூன்று தடவை. பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். மெத்தை, சோபா, தலையணை வேண்டாம். பால் குடித்த கையோடும் வேண்டாம். கண் சொருகினால் உடனே மல்லாக்கத் திருப்பிவிட வேண்டும்.

இதையும் செய்கிறோம், எப்படிச் செய்கிறோம்? குழந்தையைக் குப்புறப் போட்டுவிட்டு, குக்கர் விசிலுக்கு எழுந்து போகிறோம். போகாதவர்கள் கைபேசியில் மூழ்குகிறோம். தலையைத் தூக்கட்டும் என்று அதே கைபேசியில் பாட்டுப் போட்டுப் பிள்ளை முன் வைக்கிறோம். ஒரே அறையில் இருந்துவிட்டால் பார்த்துக்கொள்வதாகிவிடுமா? நாமும் எதிரே குப்புறப் படுத்து முகம் காட்டிப் பேசினால், அந்த முகத்தைப் பார்க்கவே பிள்ளை தலையைத் தூக்கும். ஒரு வயது வரை திரையே வேண்டாம் என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதுதான்.

ஆறாம் மாதம் ஆனதும் மாமா நடைவண்டி வாங்கி வருகிறார். சக்கரம் வைத்த வட்ட வண்டியில் பிள்ளையை உட்கார வைத்துக் கைதட்டுகிறோம். அது நடக்கக் கற்றுத் தராது. படிக்கட்டில் உருண்டு விழ வைக்கும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. கவிழவும் கையூன்றவும் நேரம் கொடுக்காமல் நடக்க ஏன் அவசரப்படுத்துகிறோம்?

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இரண்டாவது செங்கீரை. ஐந்தாம் மாதத்துக் குழந்தை இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலை நிமிர்ந்து ஆடுவதைப் புலவர்கள் தனிப் பருவமாக வைத்துப் பாடினார்கள். நடை பழகுவதற்கு முந்திய அந்தத் தலைநிமிர்வே கொண்டாடத் தக்கது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த 30 நிமிடத்தையும் இன்னொரு பரீட்சையாக்கிவிடாதீர்கள். அழுதால் தூக்குங்கள், சற்றுப் பொறுத்து மறுபடி முயலுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதக் கணக்கு வையுங்கள். நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்குவதால் நம் பிள்ளையின் கழுத்து உறுதிப்படாது.