எழுபதாவது நிமிடம்

2025 அக்டோபர் 14, தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. ஆலங்குடிக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடை பெஞ்சில் அமர்ந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நண்பர் ஒருவரின் கைபேசியில் இந்தியா - சிங்கப்பூர் கால்பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால், காலணிகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டியபடி இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் கோவாவின் மட்காவ் நகரில். 14-ஆவது நிமிடத்தில் சாங்தே தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனதும் பெஞ்சே ஆடியது. இடைவேளைக்குச் சற்று முன்பு சிங்கப்பூர் சமன் செய்தது. இடைவேளைக்குப் பிறகு இன்னொரு கோல். 1-2. 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. நண்பர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னார்:

"நம்ம பயலுகளுக்குத் திறமையெல்லாம் இருக்கு. வெறி இல்ல."

இந்தத் தீர்ப்பு நண்பருக்கு மட்டும் உரியதல்ல. மறுநாள் நாளிதழ்களும் தொலைக்காட்சியில் பேசிய முன்னாள் ஆட்டக்காரர்களும் ஏறத்தாழ இதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொன்னார்கள். ஒரு தேசத்தின் தோல்விக்கு ஒற்றைச் சொல்லில் விளக்கம் கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

சிற்றிதழ்ச் சூழலில் புழங்குபவர்களுக்கு இதே சொல்லின் கனவான் வடிவம் ஒன்றும் பரிச்சயம். இந்திய மனம் விதியை நம்புவது, வெற்றியில் பற்றில்லாதது, மேலை நாட்டவனைப் போல எதிராளியை வீழ்த்தும் வேட்கை அதற்குக் கிடையாது என்று நீட்டி எழுதுவார்கள். நண்பரும் அன்று அந்தப் பக்கமே போனார். ஆனால் தை பிறந்துவிட்டால் இதே பெஞ்சில் இதே மனிதர்கள் பேசுவது வேறு. இந்த மாவட்டத்தில் வாடிவாசல்களுக்குக் குறைவில்லை. தச்சங்குறிச்சியில் காளைகளை அவிழ்த்துவிட்டதும் நம் வீரத்தைப் பற்றி ஒவ்வொருவரும் காவியம் பாடுவார்கள். ஜனவரியில் ரத்தத்தில் ஊறிக் கிடக்கும் வீரம் அக்டோபரில் எங்கே வற்றிப்போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒரே ஊரின் மனம், பருவத்துக்குத் தகுந்தபடி வீர மனமாகவும் விதி மனமாகவும் மாறுமென்றால், பிழை மனத்தில் இல்லை. அளக்கும் கோலில் இருக்கிறது.

மாடு பிடிப்பவன் மூன்று துள்ளல் வரை திமிலை விடாமல் பற்றிக்கொண்டால் போதும். அதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது சில நொடிகளின் துணிச்சல். கால்பந்து கேட்பது வேறொன்றை. பந்து கைவிட்டுப் போன கணத்திலேயே அதை வைத்திருப்பவனை நோக்கி ஒருவன் பாய வேண்டும்; அவன் பந்தைத் தள்ளக்கூடிய இடங்களை இன்னும் இருவர் அடைக்க வேண்டும்; பின்னால் நிற்கும் தற்காப்பு வரிசை நான்கு எட்டு மேலே ஏறி இடைவெளியைச் சுருக்க வேண்டும். இதைத்தான் இப்போது பிரஸ்ஸிங் என்கிறார்கள். இதில் ஒருவன் மட்டும் ஓடி மற்றவர்கள் நின்றால் ஓடியவன் முட்டாளாகிறான். எதிராளி பந்தைச் சுலபமாகத் தட்டிவிட்டுச் சிரிப்பான். இரண்டு முறை இப்படி ஏமாந்தவன் மூன்றாம் முறை ஓடமாட்டான், நடப்பான். தொலைக்காட்சி அவன் நடப்பதைக் காட்டுகிறது. நாம் அதற்கு வெறியின்மை என்று பெயர் வைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது அவநம்பிக்கை. பக்கத்தில் நிற்பவன் தன்னோடு சேர்ந்து ஓடுவானா என்று அவனுக்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் சேர்ந்து பல ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும்.

அந்த அக்டோபரில் களமிறங்கிய வீரர்கள் எத்தனை ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள்? இந்தியன் சூப்பர் லீகின் இறுதியாட்டம் 2025 ஏப்ரல் 12இல் நடந்தது. அடுத்த பருவம், கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் வணிக நிறுவனத்துக்கும் இடையேயான ஒப்பந்தம் முடிவுக்கு வரும் நிலையில், ஜூலையில் காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. டூரண்ட் கோப்பையில் சிலருக்குச் சில ஆட்டங்கள், தேசிய அணியின் ஒரு சுற்றுப்பயணம். அவ்வளவுதான். ஆறு மாதங்களாக லீக் ஆட்டமே இல்லாத கால்களைப் பார்த்து "ஏன் தீவிரமில்லை?" என்று கேட்கிறோம். ஆறு மாதம் சாதகம் செய்யாத பாடகரின் குரல் பிசிறினால் அவருக்குச் சங்கீதத்தின் மேல் வெறி இல்லை என்றா எழுதுவோம்?

இத்தனைக்கும் இதே அணி, ஐந்தே நாட்களுக்கு முன்பு, அக்டோபர் 9 அன்று சிங்கப்பூரில் அதே எதிராளியுடன் ஆடியது. ஒரு கோல் பின்தங்கியிருந்தது. இடைவேளை முடிந்து இரண்டு நிமிடங்களில் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அதன் பிறகு ஆட்டம் முழுவதும் பத்துப் பேராக நின்று, 90-ஆவது நிமிடத்தில் ரஹீம் அலியின் கோலால் சமன் செய்தார்கள். அன்று வெறி இருந்ததா? ஐந்து நாளில் கோவா வரும் வழியில் விமானத்தில் அதை மறந்து வைத்துவிட்டார்களா? பத்துப் பேராகக் குறைந்த அணிக்கு என்ன செய்வது என்பதில் குழப்பமில்லை. எல்லோரும் பின்னால் நிற்க வேண்டும், கிடைத்த ஒரு வாய்ப்பைப் பிடிக்க வேண்டும். முன்னிலை பெற்ற அணிதான் என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். அது நெஞ்சுரத்தில் வருவதல்ல, பழக்கத்தில் வருவது.

2024 மார்ச் 26இல் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தங்கள் கூட்டமைப்பைப் புறக்கணித்துப் பல முன்னணி ஆட்டக்காரர்கள் ஒதுங்கிவிட்ட, சொந்த மண்ணில் ஆட முடியாத ஓர் அணி அது. சுனில் சேத்ரி தன் 150-ஆவது ஆட்டத்தில் பெனால்டியில் கோலடித்து முன்னிலை தந்தார். ஆப்கானியர்கள் 70-ஆவது நிமிடத்தில் ஒன்றும் 88-ஆவது நிமிடத்தில் ஒன்றும் அடித்து வென்றார்கள்.

அந்த 70 என்ற எண் என்னைத் துன்புறுத்துகிறது. உலகம் 90 நிமிடங்கள் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இந்திய உள்நாட்டுப் போட்டிகள் பல பத்தாண்டுகள் 70 நிமிடங்களே நடந்தன. அதாவது வெளிநாட்டில் ஆடும்போது கடைசி இருபது நிமிடங்கள் நம்மவர்களுக்கு முன்பின் தெரியாத பிரதேசம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றபோது வெறுங்காலுடன் ஆடியதைப் பற்றித்தான் கதைகள் வளர்ந்தன. கடிகாரத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. குவாஹாட்டியின் 70-ஆவது நிமிடம் தற்செயல்தான். இருந்தாலும் வெறும் தற்செயல் என்று கடந்துபோக மனம் ஒப்பவில்லை.

"அப்படியானால் 1962?" என்று கேட்டார் நண்பர். கேட்க வேண்டிய கேள்விதான். ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி, இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றது. அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததைக் கண்டித்து ஓர் இந்திய அதிகாரி பேசிய பேச்சுக்கு ஆட்டக்காரர்கள் கொடுத்த விலை அது. தற்காப்பு வீரரான ஜர்னைல் சிங் தலையில் தையல்களோடு முன்வரிசையில் ஆடி ஒரு கோல் அடித்தார். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து கோல்கம்பத்தைக் காத்தவர், மதராஸ் ரெஜிமெண்டில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். அந்தக் காட்சிகளைச் சொல்லும்போது வெறி என்ற சொல் தானாக நாவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பின்னால் இருந்ததை நாம் சொல்வதில்லை. பயிற்சியாளர் ரஹீம் சாகிப் ஆசிரியராக இருந்தவர்; 1950 முதல் அணியைத் தன் கையில் வைத்திருந்தவர். அந்த வீரர்களில் பெரும்பாலோர் கல்கத்தா லீகில் ஆடியவர்கள். ஈஸ்ட் பெங்காலிடம் மோகன் பகான் தோற்றால் நகரத்தின் ஒரு பாதியில் அன்றிரவு சோறு இறங்காது. தோல்விக்கு விலை இருந்த ஆட்டங்களை வருடம் முழுவதும் ஆடிவிட்டு வந்தவர்களுக்கு ஜகார்த்தாவின் கூச்சல் இன்னொரு சனிக்கிழமை போலத்தான் இருந்திருக்கும்.

இன்று அந்த விலை எங்கே? 2014இல் தொடங்கிய சூப்பர் லீகில் 2025 ஏப்ரல் வரை ஓர் அணிகூடக் கீழ்நிலைக்கு இறக்கப்பட்டதில்லை. கடைசி இடத்தில் முடித்தவர்கள் அடுத்த வருடம் அதே விளக்கொளியில் மறுபடி வந்து நிற்பார்கள். பருவத்தின் பின்பாதியில் பாதி அணிகளுக்கு ஜெயிக்கவும் காரணமில்லை, தோற்கவும் பயமில்லை. முன்வரிசையை வெளிநாட்டவர்கள் ஆக்கிரமித்துக்கொள்ள, 2024-25 பருவத்தில் அதிக கோலடித்த இந்தியர் நாற்பது வயது சேத்ரி. ஓய்வுபெற்றவரைத் திரும்ப அழைத்து வந்தோம். இது அவருடைய பெருமை, நம்முடைய வெட்கம். ஜகார்த்தாவில் நம்மிடம் 0-2 என்று தோற்ற ஜப்பான் 1993இல் தொழில்முறை லீகைத் தொடங்கியது. 1999இல் இரண்டாம் பிரிவையும் ஏற்படுத்திக் கடைசி இடத்துக்காரர்களைக் கீழே தள்ளத் தொடங்கியது. 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றபோது ஜப்பானியரின் மனஅமைப்பைப் பற்றி வியந்து எழுதினார்கள். 1962இலும் அது ஜப்பானிய மனம்தானே?

இந்த இடத்தில் என் வாதத்துக்கே ஒரு சங்கடம் வருகிறது, மறைப்பது நேர்மையாகாது. 2025 ஜூலை 5இல் சியாங்மாயில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் அணி 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றது. ஆண்களுக்குக் கிடைக்கும் ஆட்டங்களோ பணமோ வெளிச்சமோ அவர்களுக்குக் கிடையாது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணியும் 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது. ஆட்டங்கள்தான் தீவிரத்தை உண்டாக்குகின்றன என்றால் இவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது இது: கால்சட்டை அணிந்து மைதானத்துக்குப் போவதே ஒரு கிராமத்துப் பெண்ணுக்குத் தினசரி ஆட்டம், அதில் தோற்றால் வீட்டோடு நின்றுவிட வேண்டும். இந்த மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006இல் தோஹாவில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அதன் பிறகும் எழுந்து நின்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு போராட்டக் குணம் இல்லாத ஜனங்கள் என்று பேசுவதற்கு நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

பெஞ்சுக்குப் பின்னால் நின்ற பையன்களிடம் திரும்பினேன். ஒருவன் பத்தாம் வகுப்பு, மற்றவன் பதினொன்று. கோடையில் கீரமங்கலம் பக்கத்து ஊர்களில் மின்னொளியில் நடக்கும் எழுவர் ஆட்டங்களுக்கு, பெட்ரோலுக்குக் காசு சேர்த்து, ஒரே வண்டியில் மூன்று பேராகப் போவார்களாம். விடியற்காலை இரண்டு மணிக்கு அரையிறுதி, அதற்குப் பிறகும் விழித்திருந்தால் இறுதியாட்டம். முழங்கையில் சிராய்ப்பு ஆறாமல் பொருக்குத் தட்டியிருந்தது. அதைக் காட்டும்போது அவன் முகத்தில் இருந்த பெருமிதத்தை நண்பர் பார்த்திருக்க வேண்டும். அவர் தேநீருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.

"பதினொரு பேரா ஆடுறது எப்ப?" என்று கேட்டேன்.

"குறுவட்டப் போட்டி சார். ஆடியில நடந்துச்சு. மொத ரவுண்டுல பெனால்டில தோத்துட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல சார். தோத்தா அதோட சரி. இனிமே அடுத்த ஆடிதான்."

வருடத்துக்கு ஒரே ஓர் ஆட்டம். மூத்தவனுக்கு இன்னும் ஒன்றோ இரண்டோ பாக்கியிருக்கும். பந்து யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். பள்ளிக்கூடப் பந்து அலமாரியில் பூட்டியிருக்கிறது என்றும், இப்போது ஆடுவது தாங்கள் காசு போட்டு வாங்கியது, அதுவும் பிளாடரில் காற்று நிற்பதில்லை என்றும் இளையவன் சொன்னான். நண்பர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பையன்கள் இருட்டுவதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டியவர்கள். அரசமரம் பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓடத் தொடங்கினார்கள்.