கிரீன் டீ மாத்திரையைச் சோதித்துவிட்டு விற்கட்டும்

கேரளத்தில் வயது வந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் சர்க்கரை நோயாளி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, கேரளத்தின் அளவை 25.5 சதவீதம் என்று கணித்தது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம்தான். இந்த நிலையில், கிரீன் டீச் சாறு அடைத்த மாத்திரை சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சு, தேயிலையோடு வாழும் இடுக்கி மலைகளிலும் நெல்லியாம்பதி அடிவாரத்திலும் எளிதில் எடுபடும். அதைக் கேலி செய்து தள்ளுவதும் தவறு, நம்பிக் காசைக் கொட்டுவதும் தவறு. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டின் சித்தூர் வட்டங்களின் மக்களையும் சேர்த்து அரசு முறையான சோதனை நடத்த வேண்டும். அதன் முடிவு வரும்வரை, சர்க்கரைக்கு மருந்து என்று சொல்லி எவரும் அதை விற்க அனுமதிக்கக் கூடாது.

இந்தப் பேச்சுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் படவிட்டு நிறம் மாற்றுகிறார்கள். கிரீன் டீக்குப் பறித்த கொழுந்தைச் சீக்கிரமே ஆவியிலோ சூட்டிலோ காட்டி அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கேட்டசின் என்னும் துவர்ப்புச் சத்துகள் இலையிலேயே நிற்கின்றன. அவற்றில் முதன்மையானது இ.ஜி.சி.ஜி. ஜப்பானில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஆறு கோப்பையும் அதற்கு மேலும் கிரீன் டீ குடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆனால், அது குடிப்பவர்களைக் கவனித்து எழுதிய கணக்கு. அவர்களுடைய உணவும் உழைப்பும் கூட அதற்குக் காரணமாக இருக்கலாம். உண்மையான உரைகல், ஒரு சாராருக்கு மருந்தும் மறுசாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிடும் சோதனைதான். அப்படிப்பட்ட 27 சோதனைகளை, 2,194 பேரின் விவரங்களோடு, 2020-ல் தொகுத்துப் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 1.44 மில்லிகிராம் மட்டுமே குறைந்திருந்தது. 126-ஐத் தொட்டால் நோய் என்று கணிக்கும் அளவுகோலில் இது மிகச் சிறிய அசைவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. 2013-ல் வெளியான முந்தைய தொகுப்போ அதில் 0.3 புள்ளி குறைவு கண்டிருந்தது. இப்படி முரண்படுவதால்தான் பெரிய, நீண்ட சோதனை தேவை என்கிறோம்.

கோப்பையில் குடிப்பதும் மாத்திரையாக விழுங்குவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தந்த மதிப்பீட்டின்படி, வழக்கமாகக் கிரீன் டீ குடிப்பவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. சேர்கிறது, அது பொதுவாகப் பாதுகாப்பானது. மாத்திரையாக 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால், ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் கூடுகின்றன. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு ஏற்கெனவே ஈரலில் கொழுப்பு படிந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்தச் சாற்றால் ஈரல் பாதிக்கும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவ்வகை நம்மவரிடம் என்ன செய்யும் என்பதை நம்மவரைச் சோதித்துத்தான் அறிய முடியும். இன்னொன்று, கேட்டசின்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரத்தசோகை உள்ள ஒரு தொழிலாளி சர்க்கரைக்கென்று இதை விழுங்கி, ஏற்கெனவே குறைந்த இரத்தத்தை மேலும் குறைத்துக்கொண்டால் அந்த நட்டத்துக்கு யார் பொறுப்பு?

இன்று உலகமே உண்ணும் மெட்பார்மினின் ஆய்வும் ஒரு செடியிலிருந்து தொடங்கியதுதானே என்று சிலர் கேட்பார்கள். ஆம், ஐரோப்பாவில் வளரும் கலீகா என்னும் செடிதான் அதற்கு வழிகாட்டி. ஆனால், 1957-ல் பாரீஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்ட பிறகும், பல்லாண்டுச் சோதனைகளைக் கடந்தே அது முதல்வரிசை மருந்தானது. அந்த வழியில் கிரீன் டீயும் வரட்டும் என்பதே நம் வாதம். மருந்தென்று விற்பதைத் தடுத்தால் விற்பனை படுத்துவிடுமோ என்று, பச்சைக் கொழுந்துக்கு விலை கிடைக்காமல் தவிக்கும் சிறு விவசாயிகள் படும் கவலை இன்னும் நியாயமானது. பானமாகக் கிரீன் டீ விற்பதை இங்கே யாரும் தடுக்கவில்லை. பொய் வாக்குறுதியில் ஏறும் விலை, ஈரல் கெட்ட ஒருவரின் செய்தி வந்த அன்றே சரிந்துவிடும். அப்போது முதலில் அடிவாங்குவதும் அதே விவசாயிதான்.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொடுத்த அப்படியொரு விளம்பர வழக்கில், 2025 ஜனவரியில் பாலக்காடு நீதிமன்றம் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர்களுக்கே வாரண்ட் பிறப்பித்தது. அந்த முனைப்பு இணையத்தில் விற்கும் மாத்திரைகள் மீதும் திரும்ப வேண்டும். சோதனை நடத்தும் திறமையும் கேரளத்துக்கு உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்து நடந்த சர்க்கரைத் தடுப்பு ஆய்வு, நோய் வருவது உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டது. இடுக்கி, பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரிகள் அதே நேர்மையோடு கிரீன் டீ மாத்திரைச் சோதனையை ஏற்று நடத்தலாம். ஒப்புதல் படிவம் தொழிலாளி வாசிக்கும் தமிழில் இருக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் வழியாக ஆள் சேர்க்கக் கூடாது. ஈரலும் இரத்த அளவும் மாதந்தோறும் பார்க்கப்பட வேண்டும். தேயிலை வாரியம் பணம் தரலாம். முடிவை வெளியிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் அதன் கையில் இருக்கக் கூடாது.