சர்க்காருக்கு மட்டும் விலக்கா?

1948ஆம் ஆண்டு அவசரகாலத்தில் தொழிலாளியின் படத்தையும் பெருவிரல் ரேகையையும் வாங்கிக்கொண்டு அடையாளக் கார்டு கொடுத்தார்கள். அன்று தொடங்கிய கார்டின் நம்பர் இன்று யார் யார் கையில் கிடக்கிறது? 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள், ஐ.சி. நம்பர், விலாசம் உட்பட, கசிந்தது அம்பலமாயிற்று.

“ஏழைக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்பார் சிலர். இருக்கிறது! போலீஸ் வேஷம் போட்டுப் போனில் பேசும் மோசடிக்காரன் நம் ஐ.சி. நம்பரைச் சொல்லித்தான் நம்ப வைக்கிறான். ஆயுள் முழுதும் பால் வெட்டிச் சேர்த்த சேமநிதியை ஒரே நாளில் விழுங்குகிறான்.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2024இல் திருத்தப்பட்டு, தவறும் கம்பெனிக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதம் என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு விலக்களிக்கிறது! 2024 ஜனவரியில் ‘பாடு’ பதிவேட்டைத் திறந்து நம் வருமானமும் குடும்ப விவரமும் கேட்ட சர்க்காரை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. இது என்ன நியாயம்? ஓட்டை வாளி யாருடையதானாலும் பால் ஒழுகத்தானே செய்யும்?

விலக்கை நீக்கு! ஜொகூர்த் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் ஒரே குரலில் கேட்போம். அதுவரை, ஐ.சி. நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்போம். ஆபீசில் வாங்கும் நகல்களைப் பூட்டி வைப்போம். நம் விவரம் நம் உடைமை!